எதிரே நிற்க ஓர் ஆள்

ராஜேந்திரனிடம் அந்த வீடியோவை முதலில் காட்டியவர் பால் கொண்டுவரும் சின்னசாமி. வம்புக்காகக் காட்டவில்லை. பால் கேனை ராஜேந்திரனின் டீக்கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று கொஞ்சநேரம் நின்றார். பிறகு, "இது நம்ம கீதா பாப்பாவான்னு பாரு ராஜேந்திரா" என்று போனை நீட்டினார்.

அவன் மகள் கீதாஞ்சலிதான். பள்ளிச் சீருடையில் நின்றாள். பின்னால் சைக்கிள் நிறுத்தும் கொட்டகை. எதிரே ஒரு பையனின் முதுகும் பாதிக் கன்னமும் தெரிந்தன. அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கூட்டிட்டுப் போயிடு. இந்த வாரம் பேசி முடிச்சிடுவாங்க. அப்புறம் நான் இருக்கேனா செத்தேனான்னு கூட உனக்குத் தெரியாது" என்று அவள் கெஞ்சினாள். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். சட்டையைப் பிடித்திருந்த அவள் கை மெதுவாக நழுவியது. அத்தோடு வீடியோ முடிந்தது. யாரோ அதில் சோகமாக ஒரு சினிமா இசையை ஒட்டி, கீழே 'அடி அண்ணாமலை பொண்ணு' என்று ஊர்ப் பெயரோடு எழுதி, சிரிக்கிற முகங்களை வரிசையாக வைத்திருந்தார்கள்.

ராஜேந்திரனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இது நாடகம், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள் என்றான். சின்னசாமி தலையாட்டினார். "எனக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியணுமே" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

கீதாஞ்சலி செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம்தான் அங்கே நாடகத்தையும் ஒரு வகுப்பாக வைத்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் நடக்கும். அதற்கென்று அருணாதேவி என்று ஒரு இளம் டீச்சர் வந்தார். புதுச்சேரியில் நாடகம் படித்தவர்; ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தார். கீதாஞ்சலி அந்த வகுப்பில் சேர்ந்ததே கணக்கு டியூஷனிலிருந்து தப்பிக்கத்தான். சேர்ந்த பிறகு ஆளே மாறிப்போனாள். கூடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு வயிற்றிலிருந்து மூச்சை விட்டு 'ஆ' என்று இழுப்பாள். அவள் அம்மா உண்ணாமலை அடுப்படியிலிருந்தே, பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று திட்டுவாள். பௌர்ணமியன்று கீதாஞ்சலி அப்பாவின் கடையில் உட்கார்ந்துகொண்டு, மலையைச் சுற்றி வருகிற ஜனங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். கால் கடுத்துப்போன ஒருவர் பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் அதைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பதை, கூட்டத்தில் பெண்டாட்டியைத் தொலைத்துவிட்டு அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் டீ குடிக்கிற ஆம்பிளையை, மறுநாள் வீட்டில் அப்படியே செய்து காட்டுவாள். ராஜேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அந்த வாரம் டீச்சர் கொடுத்த பாடம் இதுதான்: இரண்டு பேர் சேர்ந்து ஒரு காட்சியை உண்டாக்க வேண்டும். ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், மற்றவரால் அதைக் கொடுக்க முடியாது. கீதாஞ்சலிக்கு ஜோடியாக வல்லரசு என்ற பையனைப் போட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பள்ளி வேனில் வருகிறவன். அவள் வசனத்தை வீட்டில் சொல்லிப் பார்த்தபோது ராஜேந்திரன் காதில் விழுந்தது. ஓடிப்போகிற கதைதானா கிடைத்தது என்று கேட்டான். "நெஜத்துல நடக்கிறதுதானேப்பா" என்றாள். அவன் விட்டுவிட்டான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் சைக்கிள் கொட்டகையில் ஒத்திகை பார்த்ததை வேறு வகுப்புப் பிள்ளை எவனோ மறைந்திருந்து எடுத்திருக்கிறான்.

சின்னசாமி சொன்னது சரியாகப் போயிற்று. சாயந்திரத்துக்குள் அந்த வீடியோ அடி அண்ணாமலையில் ஒரு போன் விடாமல் நுழைந்துவிட்டது. பீடி வாங்க வந்தவர் பீடியை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசிவிட்டதாகக் கேள்விப்பட்டேனே என்று ஒருவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ராஜேந்திரன் ஒவ்வொருவரிடமும் நாடகம், நாடகம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லச் சொல்ல அந்த வார்த்தை அவனுக்கே ஒரு சாக்காகக் கேட்க ஆரம்பித்தது. தண்ணீர் பிடிக்கப் போன உண்ணாமலை பாதிக் குடத்தோடு திரும்பி வந்து, யார் என்ன கேட்டார்கள் என்று சொல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டாள். கீதாஞ்சலி மட்டும் இரண்டு நாள் கோபமாக இருந்தாள். நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நாம் ஏன் பயப்பட வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டாள். அவன் அண்ணனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் சக்கரவர்த்தி, ராஜேந்திரனுக்கு அப்பா மாதிரி. அப்பா போனபோது ராஜேந்திரன் அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை. வளர்த்தது, படிக்க வைத்தது, உண்ணாமலையைக் கட்டி வைத்தது, ரோட்டோரத்தில் தன் நிலத்தில் கடை போடச் சொன்னது எல்லாம் அவர்தான். கெட்டவர் இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கிறவர். ஆனால் ராஜேந்திரன் இந்த வயதிலும் அவர் எதிரில் உட்கார்ந்து பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சக்கரவர்த்தி வந்தார். கூடவே அவர் மனைவி பாஞ்சாலையும் மகன் அர்ஜுனனும் வந்தார்கள். உண்ணாமலை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்து, அவர் கீதாஞ்சலியைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அந்தப் பையன் யார் என்று கேட்டார். கூடப் படிக்கிறான் என்றாள். எந்த ஊர் என்றார். சொன்னாள்.

"ஊரா, காலனியா?"

"காலனி, பெரியப்பா."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. ராஜேந்திரன் மட்டும் தரையைப் பார்த்தான். அர்ஜுனன் போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். பாஞ்சாலை புடவைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டாள்.

பெரியப்பா நம்ப வேண்டும் என்று கீதாஞ்சலி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். டீச்சர் கொடுத்த பாடம், ஜோடி போட்டது, யாரோ திருட்டுத்தனமாக எடுத்தது, தனக்கும் அவனுக்கும் இடையில் வசனத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்பது வரைக்கும். சக்கரவர்த்தி பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்தபின், "நடிப்புன்னு சொல்ற. சரி. எங்க, இப்ப நடிச்சுக் காட்டு பார்க்கலாம்" என்றார்.

உண்ணாமலை வேண்டாமே என்பதுபோலப் புருஷனைப் பார்த்தாள். ஆனால் கீதாஞ்சலியின் முகம் தெளிந்துவிட்டது. இது அவளுக்குத் தெரிந்த பரீட்சை. கூடத்தில் கிடந்த பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். பிறகு, எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டுமே என்றாள். அர்ஜுனன் சிரித்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அப்பா, நீ வந்து நில்லுப்பா. ஒரே வசனம்தான், உனக்கே தெரியும்."

ராஜேந்திரன் போய் நின்றான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். கீதாஞ்சலி திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது அது அவன் மகள் இல்லை. அவனுக்கு அப்படித்தான் இருந்தது. ராத்திரியெல்லாம் தூங்காத, எங்கேயோ ஓடிவந்த, அவனைவிட்டால் வேறு போக்கு இல்லாத ஒருத்தி அவனுடைய சட்டைக் கையைப் பிடித்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போயிடு."

போனில் கேட்ட அதே வார்த்தைகள்தான். ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் போனில் அவை ஒரு பையனின் முதுகுக்குச் சொல்லப்பட்டன. இங்கே நேராக அவன் முகத்துக்கு வந்தன. பேசி முடித்துவிடுவார்கள் என்றாள். நான் இருக்கிறேனா செத்தேனா என்று உனக்குத் தெரியாது என்றாள். அவளுடைய விரல்கள் சட்டைத் துணியைத் திருகின. அந்த நடுக்கம் அவன் தோள் வரைக்கும் வந்தது. அவன் முறை வந்தது. வாய் திறந்தான், குரல் வரவில்லை. அவள் கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"சொல்லுப்பா" என்று உதடு மட்டும் அசைந்தது.

"என்னால..." என்று ஆரம்பித்து, "என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றான் ராஜேந்திரன். கடைசியில் அந்த 'ம்மா' வசனத்தில் இல்லை.

அவள் கை நழுவியது. பிறகு புறங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பெரியப்பா பக்கம் திரும்பி, "அவ்ளோதான்" என்றாள். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிள்ளையின் முகம் அது. நன்றாகச் செய்தேன் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. யாராவது அதைச் சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

உண்ணாமலை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பாஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். சக்கரவர்த்திக்கும் ஏதோ ஆகியிருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"இவ்ளோ நல்லா பொய் சொல்லத் தெரிஞ்ச பொண்ணு, நாளைக்கு இன்னா சொன்னாலும் நாம எப்படிடா நம்பறது?"

கீதாஞ்சலிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேச ஆரம்பித்தாள். நான் மோசமாக நடித்திருந்தால் அன்றைக்கு நடந்தது நிஜம் என்று சொல்லியிருப்பீர்கள், நன்றாக நடித்தால் பொய்க்காரி என்கிறீர்கள், நான் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எதிர்த்துப் பேசாதே என்று பாஞ்சாலை அதட்டினாள். அர்ஜுனன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். இவளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்றும், அந்தப் பையனின் வேன் எங்கெங்கே நிற்கும் என்று நம் ஆட்கள் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

"அவன ஒண்ணும் பண்ணாதீங்க" என்றாள் கீதாஞ்சலி.

அவ்வளவு நேரம் அழுததைவிட, கெஞ்சியதைவிட, அந்த ஒரு பேச்சுதான் எல்லோர் முகத்தையும் அவள் பக்கம் திருப்பியது. தன்னால் ஒரு பிள்ளைக்கு அடி விழப்போகிறதே என்ற பயம்தான் அது. ராஜேந்திரனுக்கு அது தெரிந்தது. ஆனால் அங்கிருந்த மற்றவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்பதும் தெரிந்தது. மகளின் முகத்தைப் பார்த்தான். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கும் அப்போது புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொண்டதும் தப்பாகப் போயிற்று.

சக்கரவர்த்தி வெளியே வந்து வேப்பமரத்தடியில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது ராஜேந்திரன் பின்னாலேயே போனான். பொண்ணு மேல் தப்பில்லை என்று இன்னொரு முறை சொன்னான். எனக்கும் தெரியும் என்றார் அண்ணன். அதைக் கேட்டுத்தான் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துமா என்று கேட்கத் தோன்றியது.

"எனக்குத் தெரிஞ்சு இன்னாடா? பசங்க சூடா இருக்கிறானுங்க. அவனுங்க கையில இந்த வீடியோ இருக்குது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா யாரு ஜெயிலுக்குப் போறது?"

அந்தப் பையன் பாவம், வீட்டில் ஒற்றைப் பிள்ளையாம், அவன் மேல் கை படக்கூடாது என்றான் ராஜேந்திரன். அண்ணனிடம் இப்படி ஒன்றைக் கேட்பது அவனுக்கு அதுவே முதல் தடவை. சக்கரவர்த்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ பொண்ண அந்த ஸ்கூல்லேர்ந்து நிறுத்து. இவ அங்க இருக்கிற வரைக்கும் இவனுங்கள என்னால புடிச்சு வெக்க முடியாது. நிறுத்திட்டன்னா நான் பார்த்துக்கறேன். இது என் வாக்கு."

அண்ணன் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார். அது ஊருக்கே தெரியும். ராஜேந்திரன் போலீசுக்குப் போவதைப் பற்றி நினைத்தான். போனால் அடுத்த நாள் கடை இருக்காது, அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அந்த வேன் தினமும் இருட்டுகிற நேரத்தில் ஏரிக்கரை வழியாகத்தான் போகிறது. போலீஸ் எத்தனை நாளைக்குக் கூடவே போகும்? உள்ளே கீதாஞ்சலி அம்மாவிடம் ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"சரிண்ணா" என்றான்.

மறுநாள் டி.சி. கேட்டுப் பள்ளிக்குப் போனான். அலுவலகத்தில் காரணம்கூடக் கேட்கவில்லை. அவர்களுக்கும் அந்த வீடியோ வந்திருந்தது. நாடக வகுப்பை நிறுத்திவிட்டதாக எழுத்தர் தானாகவே சொன்னார். வராந்தாவில் அருணாதேவி அவனுக்காகக் காத்திருந்தார். அவன் நினைத்ததைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தார். தூங்காத கண். நான் வந்து உங்கள் அண்ணனிடம் பேசட்டுமா சார் என்று கேட்டார்.

"நீங்க வந்தா இன்னும் ஜாஸ்தியாவும் மேடம். வேணாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தன்னையும் இந்த மாதத்தோடு போகச் சொல்லிவிட்டார்கள் என்றார். அதை முறையீடாகச் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் காட்சியில கீதா கடைசியா கையை விடறா பாருங்க, அத நான் சொல்லித்தரல சார்" என்றார். "அத யாராலயும் சொல்லித்தர முடியாது."

அந்தக் கை நழுவியதைத் தோளிலேயே வாங்கியவனிடம் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜேந்திரன் கும்பிட்டுவிட்டு நடந்தான்.

படிக்கட்டில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ராஜேந்திரனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். அந்தப் பாதிக் கன்னத்தை வைத்தே ராஜேந்திரனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மெலிந்த தோள், மீசை அரும்பாத முகம். பையனின் கண்ணில் இருந்த பயம் தன்னைப் பார்த்துத்தான் என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்சநேரம் ஆயிற்று. நான் அடிக்க வந்தவன் இல்லை, உனக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல நினைத்தான். "நல்லா படிப்பா" என்று மட்டும் வந்தது. பையன் தலையை ஆட்டினான். ராஜேந்திரன் தாண்டிப் போகும்வரை சுவரை விட்டு நகரவில்லை.

உண்ணாமலையின் தம்பி போளூரில் இருந்தான். அவன் வீட்டில் தங்கி அங்கே பெண்கள் பள்ளியில் படிப்பது என்று முடிவாயிற்று. இதைக் கீதாஞ்சலியிடம் எப்படிச் சொல்வது என்று ராஜேந்திரன் கடையில் உட்கார்ந்து நாளெல்லாம் வார்த்தை தேடினான். அழுவாள், கத்துவாள், சாப்பிடமாட்டாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தான். அவள் கேட்டுக்கொண்டாள். நகத்தால் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வல்லரசுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாது. பெரியப்பா பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாரு."

"அப்போ சரிப்பா."

அந்தப் பையனுக்காகத்தான் உன்னை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் மன்னித்துக்கூட இருப்பாள். ஆனால் அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்ற அவனுக்கு மனசு வரவில்லை. அவள் துணிகளை எடுத்து வைக்கப் போனாள். உண்ணாமலை அவள் பின்னால் போய், எதை எடுத்தாலும் இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் பையில் அடைத்தாள்.

போளூரிலிருந்து அவள் அடிக்கடி போன் செய்தாள். நன்றாக இருக்கிறேன் என்றாள். மாமி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள், கணக்கில் பரவாயில்லை. குரல் தெளிவாக, சிரிப்போடு வந்தது. பேசி முடித்ததும் உண்ணாமலைக்கு முகம் மலர்ந்துவிடும். ராஜேந்திரன் போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருப்பான். முன்பெல்லாம் மகள் ஒன்று சொன்னால் அவனுக்கு அது அப்படித்தான். இப்போது அவள் சொல்வதில் எது நிஜம், எது நடிப்பு என்று காதால் துழாவினான். அண்ணன் கேட்ட கேள்வி தனக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டதே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது போகவில்லை.

"நெஜமாவே நல்லாத்தான் இருக்காளா உண்ணாமலை?"

"அவதான் சொல்றாளேங்க" என்றாள் அவள்.

ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போளூருக்கு பஸ் ஏறினான். பள்ளி விடுகிற நேரம். வெளிவாசலுக்கு எதிரே பழக்கடை நிழலில் நின்றான். பெண்கள் கூட்டம் கூட்டமாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். கீதாஞ்சலி கடைசியில் தனியாக வந்தாள். ரெட்டைச் சடை. பையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம். அழவில்லை. கோபம்கூட இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்கள் எங்கேயோ போய்விட்டதுபோல இருந்தது.

கூப்பிடாமலேயே திரும்பிப் போய்விடலாமா என்று ராஜேந்திரன் ஒரு கணம் நினைத்தான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"அப்பா" என்று ஓடிவந்தாள். கண், கன்னம், பல் எல்லாம் சிரித்தன. ஏன் சொல்லாமல் வந்தாய், கடையை யார் பார்ப்பார்கள், அம்மா எப்படி இருக்கிறாள் என்று மூச்சு விடாமல் கேட்டாள். அவன் வாங்கி வைத்திருந்த கொய்யாவை அங்கேயே கடித்துத் தின்றாள். இந்தப் பள்ளி நல்ல பள்ளி என்றாள். ஆண்டு விழா வரப்போகிறதாம், அதற்கு டான்ஸ் மட்டும்தான் வைத்திருக்கிறார்களாம், தான் சேரவில்லையாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் உதட்டோரத்தில் கொய்யா விதை ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டான். கேட்க வேண்டியதைக் கேட்டால் அவள் பதில் சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். கேட்டு, இங்கே இருக்க முடியவில்லை, கூட்டிக்கொண்டு போய்விடு என்று அவள் சொல்லிவிட்டால் அதற்குப்பின் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"நேரத்தோட கெளம்புப்பா. பஸ்ஸு கூட்டமாயிடும்" என்றாள் அவள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். திருவண்ணாமலை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வண்டி நகர்ந்து, வளைவில் திரும்புகிறவரைக்கும் அவள் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள்.